உப்புத்தாளுக்கு யார் காசு கொடுப்பது?

டிஸ்கி: இது பெயின்டர்களைத் திட்டுகிற பதிவு இல்லை. பெயின்டர்களைத் திட்டுகிறவர்களைத் திட்டுகிற பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

"சன்மைக்கா மேல பெயின்ட் நிக்காது சார். உரிஞ்சிரும். கதவை மாத்திருங்க."

மாடுலர் கிச்சன் போட்டு ஏழெட்டு வருஷம் ஆன எந்த வீட்டிலும் இந்த வசனம் ஒரு தடவையாவது ஒலிச்சிருக்கும். ஷோரூம்காரர் சொல்வார். ஆசாரி சொல்வார். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா சொல்வார். கொடுமை என்னன்னா, பெயின்டரே சொல்வார். நாலு பேர் ஒரே மாதிரி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாமளும் தலையாட்டிட்டு, நகையை வச்சாவது புதுசு போடுறோம். பழைய கதவெல்லாம் கொல்லையில் கோழிக்கூண்டுக்கு மூடி.

என் கட்சி இது: பெயின்ட் நிக்கும். வருஷக்கணக்கில் நிக்கும். கையாலேயே அடிக்கலாம், கம்ப்ரெஸரும் ஸ்ப்ரே கன்னும்கூட வேணாம். அது நிக்காம பட்டை பட்டையா உரிஞ்சு வர்றதுக்குக் காரணம் கதவுகிட்ட இல்லை, டப்பாகிட்டயும் இல்லை. தேய்க்கிற வேலைக்கு நாம காசு கொடுக்க மாட்டேங்கிறோம். அதான் விஷயம்.

முதல்ல அந்தக் கதவு என்னன்னு பார்த்துடுவோம். சன்மைக்கா (அது ஒரு பிராண்டு பேரு, ஜெராக்ஸ் மாதிரி ஊர்ப்பேராவே ஆகிடுச்சு) என்பது பிசினில் ஊறவச்ச காகிதங்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி எடுத்த தகடு. மேல்தோல் மெலமின் பிசின். ஒரு சொட்டு உள்ளே போகாது. அதனாலதான் சாம்பார் கொட்டினாலும் ஈரத்துணியில் ஒரு இழு, போயே போச்சு. சாம்பாரை உள்ளே விடாத தோல் பெயின்ட்டை மட்டும் வா வான்னு கூப்பிடுமா? கூப்பிடாது. "ஒட்டாது" என்கிற வசனத்தில் இருக்கிற பாதி உண்மை இதுதான். மீதிப் பாதியை யாரும் சொல்றதில்லை. அந்த மினுமினுப்பைக் கொன்னுட்டா ஒட்டும்.

மெம்ப்ரேன் கதவு இன்னொரு ரகம். எம்.டி.எஃப். பலகையில் டிசைனைக் குடைஞ்சு, பி.வி.சி. தாளைச் சூடாக்கி, காத்தை உறிஞ்சி இழுத்து ஒட்டினது. அடுப்புச் சூட்டில் ஓரம் லேசா வாயைப் பிளக்கும். பிளந்த தாள் மேல் பெயின்ட் அடிக்கிறது பஞ்சரான டயருக்குப் பாலிஷ் போடுற கதை. தாளைச் சூடு காட்டி முழுசா உரிச்சுட்டு, அடியில் இருக்கிற பலகையை, முக்கியமா அதன் ஓரங்களை, பிரைமர் குடிக்க விட்டு அடைச்சுட்டுத்தான் நிறம். தொழிற்சாலையிலேயே பி.யு. பெயின்ட் அடிச்சு வர்ற கதவு மூணாவது. மறுபடி அடிக்க இருக்கிறதுலயே சுலபமானது அதுதான், ஆனா அதுக்கும் "மாத்திருங்க"ன்னுதான் சொல்றாங்க.

தேறாத கேஸும் உண்டு, மறைக்க மாட்டேன். தண்ணி குடிச்சு உப்பின பார்ட்டிகிள் போர்டு திரும்பச் சுருங்காது. 2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, அதில் கூரை போய் நனைஞ்ச மாதிரி பலகைக்கெல்லாம் எந்த பெயின்ட்டும் மருந்து கிடையாது. அதை மாத்தத்தான் வேணும். அடுப்பு அனலில் நெளிஞ்சுபோன பி.வி.சி. பலகைக்கும் அதே தீர்ப்பு. நான் பேசுறது பெட்டி கல்லு மாதிரி இருந்து, கதவு நேரா நின்னு, நிறம் மட்டும் செத்துப்போன கிச்சனைப் பத்தி. மாத்தச் சொல்லப்படுற கிச்சன்களில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான்னு எனக்குப் படுது.

இப்ப நம்ம ஊர் நடைமுறைக்கு வருவோம்.

பெயின்டர் வாசலில் செருப்பைக் கழட்டும்போதே நாம கேக்குற முதல் கேள்வி, "சதுர அடி எவ்வளவுண்ணே?" அவர் ஒரு ரேட் சொல்வார். பக்கத்துத் தெருவில் மூணு ரூபா கம்மியாம்னு நாம ஒரு பிட்டைப் போடுவோம். அவர் மண்டையைச் சொறிஞ்சுட்டு ஒத்துக்குவார். அந்த நிமிஷத்திலேயே கதவோட தலையெழுத்து எழுதியாச்சு. சதுர அடிக் கூலி என்பது மூடின பரப்புக்குக் கூலி. எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த நேரம் அதில் இல்லை, தேய்ச்ச நேரம் இல்லை, காயவிட்டுக் காத்திருந்த நேரம் இல்லை. தேய்க்கத் தேய்க்க அந்த மனுஷனுக்கு நஷ்டம். அவர் என்ன செய்வார்? ஈரத்துணியில் ஒரு துடைப்பு, மரத்துக்கு அடிக்கிற சாதா பிரைமர் ஒரு கை, எனாமல் ரெண்டு கை. மறுநாள் சாயங்காலம் கணக்கு முடிஞ்சுது. பாக்க ஜோரா இருக்கும். மூணாம் மாசம் அம்மா கரண்டியால் ஒரு இடி இடிச்சா, நகக்கண் அளவு பேரும். அந்த இடத்தில் குழந்தை ஒரு நாள் நகத்தை விட்டுச் சுரண்டும். அப்புறம் வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி உரிக்கலாம்.

உடனே தீர்ப்பு ரெடி: "இந்த பெயின்டர்களே ஏமாத்துக்காரங்க."

நம்ம மக்களில் பாதிப் பேர் மென்பொருள் ஆசாமிகள், அதனால நம்ம பாஷையிலேயே சொல்றேன். எஸ்டிமேட்டில் டெஸ்டிங்குக்குப் போட்ட நாலு நாளை கிளையன்ட் அடிச்சுத் தூக்கிட்டு, புரொடக்‌ஷனில் வெடிச்சதும் ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் போடுவான்ல? அப்ப எப்படி வயிறு எரியும்? வீட்டுக்கு வந்தா நாமதான் அந்த கிளையன்ட். ரேட்டில் மூணு ரூபா குறைச்சதைப் பெருமையா ஸ்டேட்டஸ் வேற வைப்போம்.

எங்க வீட்டுக்கும் அந்த வசனம் வந்துச்சு. திருச்சியிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஆள் (பேரு வேணாம்) பத்து நிமிஷம் டேப்பைப் பிடிச்சுட்டு, பதினாலு கதவை மட்டும் மாத்த ஒரு லட்சத்து நாப்பதாயிரம்னு சொன்னார். பெயின்ட் அடிச்சா என்னன்னு கேட்டதுக்கு, "அடிங்க சார், ஆறு மாசத்துல நீங்களே கூப்பிடுவீங்க"ன்னு ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் தெரிஞ்ச பெயின்டர் அண்ணனைக் கூப்பிட்டு, சதுர அடி வேணாம், உங்களுக்கும் கூட வர்ற தம்பிக்கும் நாள்கூலி, எத்தனை நாள் ஆனாலும் சரின்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்தார்.

"தேய்க்கிறதுக்கு மட்டும் எத்தனை நாள் தருவீங்க தம்பி?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்ணே."

"இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். அப்படின்னா அவருக்கு வேலை தெரியும். தெரிஞ்ச வேலையைச் செய்ய விடாம வச்சிருந்தது யாரு?

அவர் செஞ்சதைச் சொல்றேன். முதல்ல கதவெல்லாம் கழட்டியாச்சு. எந்தக் கதவு எந்தப் பெட்டிக்குன்னு ஒவ்வொரு கதவிலும் கீல் உக்கார்ற அந்த 35 மி.மீ. குழிக்குள்ள நம்பர். அங்கே பெயின்ட் ஏறாது, நம்பர் அழியாது. அடுத்து கழுவல். இதுல ஒரு வரிசை இருக்கு, அதை மாத்தினா எல்லாம் போச்சு: எண்ணெய் முதல்ல போகணும், அப்புறம்தான் உப்புத்தாள். தாளிப்புப் புகை வருஷக்கணக்கில் படிஞ்ச கதவை அப்படியே தேய்ச்சா, அந்தப் பிசுக்கை நாமே கீறலுக்குள்ள அழுத்தித் திணிக்கிறோம். வெந்நீர், பாத்திரம் கழுவுற திரவம், அப்புறம் சுத்தத் தண்ணி, காய்ஞ்சதும் ஸ்பிரிட் நனைச்ச வெள்ளைத்துணி. துணி மஞ்சளா வர்ற வரைக்கும் விடலை. அடுப்புக்கு மேலே இருந்த கதவுக்கு மட்டும் ஆறு துணி.

பிறகு 220 நம்பர் உப்புத்தாள். இங்க பல பேர் தப்பா நினைக்கிறது என்னன்னா, தோலையே உரிச்சு எடுக்கணும்னு. வேணாம். பளபளப்பு செத்து, சிலேட்டு மாதிரி மங்கினா போதும். கதவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாத்தா எங்க மினுங்குதோ அங்க இன்னும் வேலை பாக்கி. மூலை, ஓரம், கைப்பிடி ஓட்டையைச் சுத்தி, இதெல்லாம்தான் ஏமாத்துற இடம். உரிய ஆரம்பிக்கிறதும் அங்கேதான். மூணு நாளா வீட்டில் சரக் சரக் சத்தம். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "ஏன்டா, மூணு நாளா டீயும் வடையும்தான் போகுது, ஒரு நிறமும் ஏறக் காணோமே"ன்னு கேட்டுச்சு. அண்ணன் காதில் விழுந்துடுச்சு. "நிறம் கடைசியாத்தான் ஏறும்மா, கல்யாணத்துல தாலி மாதிரி"ன்னார். அம்மா அதுக்கப்புறம் வாயே திறக்கலை, வடை மட்டும் கூடிச்சு :-)

பிரைமர்தான் அடுத்த சண்டைக்களம். கடையில் கேட்டா மரத்துக்கு அடிக்கிற சாதா பிரைமரைத் தூக்கிக் கொடுப்பாங்க. அது உறிஞ்சுற மரத்துக்கானது. உறிஞ்சாத பரப்புக்கு, ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பி.யு. அல்லது எபாக்ஸி பிரைமர் வேணும். கலந்துட்டா சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிடும், அதனால தேவைக்குக் கொஞ்சமாத்தான் கலக்கணும். இது காய்ஞ்சதும் ஒரு பரிசோதனை. பெயின்ட் தொழில்ல இதுக்கு ஏ.எஸ்.டி.எம். டி3359-ன்னு முறையான விதியே உண்டு. வீட்டு வைத்தியம் மாதிரி நாமளும் செஞ்சுக்கலாம்: ஒரு கதவின் உள்பக்க மூலையில் பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்குன்னு இழுக்கணும். டேப்போட கட்டம் வந்தா, நிறத்துக்குப் போகாதே, திரும்பித் தேய்க்கப் போ. எங்களுக்கு வரலை.

நிறத்துக்கு எண்ணெய் எனாமல் வேணாம்னேன். வெள்ளை எனாமல் காலப்போக்கில் மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத இடத்தில் அதிகமா ஆகும். பழைய எனாமல் கதவைத் திறந்து உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க, தெரியும். தண்ணியில் கரையுற அக்ரிலிக் பி.யு. எனாமல் வாங்கினோம். கதவைப் படுக்கப்போட்டு, நாலு இஞ்ச் ஃபோம் ரோலரால் மெல்லிசா ஓட்டி, ஈரம் காயுறதுக்குள்ள பிரஷ் நுனியால் ஒரே திசையில் லேசா இழுத்து விடுறது. குமிழும் போகும், கோடும் விழாது. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் 320, கடைசிக்கு முன்னாடி 400, தூசி துடைப்பு. மூணு கை, ஒவ்வொண்ணும் பட்டும் படாம. நம்ம ஊர் கத்திரி வெயிலில் மத்தியானம் அடிச்சா பிரஷ்ஷை இழுக்கிறதுக்குள்ள இறுகி, வயக்காட்டு உழவு மாதிரி கோடு நிக்கும். காலை ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிச்சார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடவே கூடாதாம், தை மாசிதான் சரியாம்.

தொட்டா ஒட்டலைன்னு உடனே மாட்டி டமால்னு அடைக்கக் கூடாது. மேலே காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும், முழுசா இறுக ரெண்டு மூணு வாரம் ஆகும். இந்தப் பொறுமையும் சதுர அடிக் கணக்கில் கிடையாது.

"எல்லாம் சரிப்பா, கையில அடிச்சா மெஷின் ஃபினிஷ் வருமா?" இதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வர்ற கேள்வி. கேக்குறது யாரு? புதுக்கோட்டைக்காரன்!

ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, குழிபிறை, அரிமளம். பஸ் ஏறினா அரை நாளில் ஒரு வீட்டையாவது பாத்துட்டு வந்துடலாம். அந்த நகரத்தார் வீடுகளின் சுவரில் கன்னத்தை வச்சுப் பாத்திருக்கீங்களா? கண்ணாடி மாதிரி இருக்கும், கோடைக்கும் ஜில்லுன்னு. நூறு வருஷ வயசு, எந்த மெஷினும் தொடாத சுவர். உடனே நம்மாளு சொல்வான், "அது முட்டை போட்டதுங்க, அதான் ரகசியம்." முட்டையாம்! முட்டை வெள்ளைக்கரு போட்டாங்க, வாஸ்தவம். கடுக்காய்த் தண்ணி, வெல்லம் எல்லாம் போட்டாங்க. ஆனா சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவச்சு, மை மாதிரி அரைச்சு, அடுக்கடுக்கா ஏத்தி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கு ஏத்தின கையை ஏன் யாருமே ரகசியம்னு சொல்றதில்லை? முட்டையை வாங்கிடலாம். அந்தத் தேய்ப்புக்குக் கூலி கொடுக்கணும். நமக்கு எப்பவும் டப்பாவுக்குள்ள ஏதோ மந்திரம் இருக்கணும், அப்பத்தான் மனசு ஆறும். விளம்பரக்காரனுக்கு இது நல்லாத் தெரியும்.

இன்னும் பழசு வேணும்னா சித்தன்னவாசல் போங்க. அறிவர் கோயில் விதானத்தில் அந்தத் தாமரைக்குளம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இன்னும் மிச்சம் இருக்கு. சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் வல்லுநரா இருந்த பரமசிவன் 1930-களில் அதன் பூச்சை ஆராய்ஞ்சு எழுதியிருக்கார். பாறை மேல் கரடான சுண்ணாம்புச் சாந்து, அதுக்கு மேல் மெல்லிசா சுண்ணாம்பு, அதுக்கும் மேலேதான் வண்ணம். பாறையும் ஒரு வகையில் சன்மைக்கா மாதிரிதானே, வண்ணத்தை வா வான்னு கூப்பிடாது. அவங்க யாரும் "பாறையில நிக்காது, பாறையை மாத்திருங்க"ன்னு சொல்லலை.

அடுத்த கோஷ்டி யூட்யூப் கோஷ்டி. "தேய்க்கவே வேண்டாம், அப்படியே அடிங்க, ஒரே நாள்ல புது கிச்சன்!" பின்னணியில் ஒரு ஜாலி மியூசிக். அடிச்ச அன்னிக்கு வீடியோ முடிஞ்சுடும். ஒரு வருஷம் கழிச்சு அதே கதவை யாராவது காட்டியிருக்காங்களா? எனக்குத் தெரிஞ்சு பாத்ததில்லை. அடிச்ச அன்னிக்கு எல்லாப் பெயின்ட்டும் ஒட்டத்தான் செய்யும், சாமி.

கணக்கையும் வச்சுடறேன், இல்லைன்னா பின்னூட்டத்தில் கும்முவீங்க. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏழு நாள் கூலி, ரெண்டு பேருக்கும் சேர்த்து பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிரைமர், பெயின்ட், ரோலர், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து ஆறாயிரம். ஆக பதினெட்டாயிரத்துக்குள்ள. இதில் உப்புத்தாளுக்கு ஆனது முன்னூத்திச் சொச்சம்தான். ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தோட நீங்களே கழிச்சுக்குங்க. சதுர அடி ரேட்டில் விட்டிருந்தா ஒன்பதாயிரத்தில் முடிஞ்சிருக்கும், அதையும் சொல்லிடறேன். அந்த ஒன்பதாயிரம் மிச்சம்தான் நம்ம எல்லாரையும் கெடுக்குது.

தூசி விஷயத்தை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. அண்ணன் மூஞ்சியில் துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் தேய்க்க உக்காந்தார். துண்டு எதைத் தடுக்கும்? நல்ல மாஸ்க் ரெண்டு பேருக்கும் வாங்கிக் கொடுக்கிறது நம்ம செலவு, அவர் செலவில்லை. ரெண்டு டப்பா பி.யு. கலக்கிறப்ப ஆவிக்கான ஃபில்டர் வச்ச மாஸ்க், ஜன்னல் எல்லாம் திறந்து. கிச்சன் கதவைத் தாண்டி வீட்டில் இருக்கிற பழைய எனாமல் நிலை, ஜன்னல், பீரோன்னு இறங்கினீங்கன்னா இன்னும் உஷாரா இருக்கணும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாதுன்னு விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயின்ட்டில் என்ன இருக்கும்னு யார் கண்டா? அதைக் காய்ஞ்சபடி தேய்க்காம, வாட்டர் பேப்பரைத் தண்ணியில் நனைச்சுத் தேய்க்கணும், பிள்ளைகளை அப்பத்தா வீட்டுக்கு அனுப்பிடணும். இந்த நேரத்துக்கும் கூலி உண்டான்னு சதுர அடிக்காரரைக் கேட்டுப் பாருங்க.

அடுத்த தடவை பெயின்டர் வந்தா "சதுர அடி எவ்வளவு?"ன்னு ஆரம்பிக்காதீங்க. "எண்ணெய் எடுக்க எத்தனை நாள், தேய்க்க எத்தனை நாள், காய எத்தனை நாள்?"னு கேளுங்க. தேய்க்கிற நாளுக்குத் தனியா கூலி பேசுங்க, டேப் ஒட்டி இழுத்துப் பாத்துட்டுத்தான் நிறம்னு முன்னாடியே சொல்லிடுங்க. பாதிப் பேர் உங்களை ஒரு மாதிரி பாப்பாங்க. மீதிப் பேரில் யாராவது ஒருத்தர், "220-லயே ஆரம்பிச்சிரலாமா தம்பி, இல்ல 180 போடவா?"ன்னு திருப்பிக் கேப்பார். அவர் நம்பரை வாங்கி வச்சுக்குங்க.